பொய்யைப் பிடுங்குவதற்கு முன்

ஒருவர் பற்றிக்கொண்டு வாழும் பொய்யை உடைக்க இன்னொருவருக்கு உரிமை உண்டா? யூஜின் ஓ'நீலின் ‘தி ஐஸ்மேன் கமெத்’ நாடகத்தைப் படிக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி என்னை உலுக்கிவிடுகிறது.

1946-இல் நியூயார்க்கில் மேடையேறிய துன்பியல் நாடகம் அது. கதை நடப்பது 1912-இல், அதே நகரின் மலிவான மதுக்கடை ஒன்றில். குடியே கதியென்று கிடக்கும் ஒவ்வொருவரிடமும் ஒரு ‘நாளை’ இருக்கிறது. வேலை பறிபோன போலீஸ் அதிகாரி நாளை மீண்டும் சீருடை அணிவார். மனைவி இறந்தபின் இருபது ஆண்டுகளாக வாசலைத் தாண்டாத கடைக்காரர் ஹாரி ஹோப், நாளை தெருவில் இறங்கிப் பழைய நண்பர்களைப் பார்த்து வருவார்.

விற்பனைப் பிரதிநிதி ஹிக்கி வருகிறான். எப்போதும் எல்லோருக்கும் வாங்கிக் கொடுத்துச் சிரிக்க வைப்பவன், இம்முறை குடிக்க மறுக்கிறான். பொய்யை விட்டொழித்தால் நிம்மதி வரும் என்று சொல்லி, ஒவ்வொருவரையும் வெளியே விரட்டுகிறான். ஹாரி நடுத்தெரு வரை போகிறார். கார் மோதப் பார்த்தது என்று பதறித் திரும்புகிறார். அப்படி எந்தக் காரும் வரவில்லை. அதன்பின் எவ்வளவு குடித்தும் அவர்களுக்குப் போதை ஏறுவதில்லை.

ஹிக்கி கண்ட நிம்மதியின் ரகசியம் கடைசியில்தான் வெளிவருகிறது. அவன் தன் மனைவி ஈவ்லினைக் கொன்றுவிட்டு வந்திருக்கிறான். இனித் திருந்திவிடுவான் என்று ஒவ்வொரு முறையும் அவனை மன்னித்தவள் அவள். அந்த மன்னிப்பைத் தாங்க முடியாமல்தான் கொன்றான்.

ஈவ்லினும் ஒரு ‘நாளை’யை நம்பினாள், உயிரைக் கொடுத்தாள். ஆகவே, பொய் யாரையும் கெடுக்காது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஹிக்கி சொன்ன உண்மையிலும் அன்பு இல்லை. தன் நிம்மதி நிஜம்தான் என்று தனக்கே நிரூபிக்க அவனுக்கு அத்தனை பேர் தேவைப்பட்டார்கள். அவனைப் போலீஸ் கொண்டுபோனதும், அவனுக்குப் பைத்தியம் என்று சொல்லிக்கொண்டு பெரும்பாலோர் பழைய கனவுகளுக்கே திரும்புகிறார்கள். விஸ்கியும் மறுபடி ஏறுகிறது.

ஓ'நீல் இவர்களை எட்ட நின்று பார்த்தவர் அல்லர். இளமையில் இப்படியொரு கடையின் மாடியில் தங்கி, 1912-இல் தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர். அதனால்தான் நாடகத்தில் ஒரு குடிகாரர்கூட இழிவாகத் தெரிவதில்லை.

நம் வீட்டிலும் ‘நாளையிலிருந்து தொடமாட்டேன்’ என்று சொல்பவர் இருக்கலாம். அவரிடம் உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். சொன்ன மறுநாள் காலையிலும் அவர் பக்கத்தில் இருப்பேனா என்று முதலில் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். இருப்பேன் என்றால், தயங்காமல் சொல்லுங்கள்.