கட்டப்படாத விமானங்கள்

இரண்டாம் உலக யுத்தத்தில் வரைபடத்தோடு நின்றுபோன பெரிய குண்டுவீச்சு விமானங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: இது பறந்திருக்குமா? ஜப்பானின் நாகாஜிமா கம்பெனி 1943-இல் திட்டமிட்ட ‘ஃபுகாகு’, அமெரிக்க நகரங்கள்வரை போய்க் குண்டு போடுவதற்காக யோசிக்கப்பட்டது. ஆறு எஞ்சின்கள், ஒவ்வொன்றும் 5000 குதிரைத்திறன். அப்படியொரு எஞ்சின் அவர்களிடம் இல்லை. இரண்டு எஞ்சின்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பிணைத்துச் செய்யப் பார்த்தார்கள். பின்னால் இருப்பதைக் குளிர்விப்பதே பெரும்பாடு. 1944-இல் கைவிட்டார்கள். நடைமுறைக்கு ஒவ்வாதது என்று எழுதி ஃபைலை மூடிவிடுகிறார்கள் விமர்சகர்கள்.

எனக்கு இந்தக் கேள்வி பழக்கமானது. வங்கியில் கடன் மனுக்களை நாங்களும் இப்படித்தான் பார்க்கிறோம். தொழில் நடக்குமா, பணம் திரும்புமா. அந்தத் தொழில் வேண்டுமா என்று கேட்க மனுவில் கட்டம் கிடையாது. கட்டம் இல்லாததன் விளைவைக் காத்திவாக்கத்தில் குடியிருப்பவன் காலையில் ஜன்னலைத் திறந்தாலே சுவாசித்துக்கொள்ளலாம்.

ஃபுகாகு நின்றுபோனதில் அறவுணர்வுக்குப் பங்கே இல்லை. எஞ்சின் இருந்தவர்களின் பி-29 பறந்தது. 1945 மார்ச்சில் ஒரே இரவில் டோக்கியோவில் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் செத்தார்கள். இரண்டு பக்கத்து மேஜைகளிலும் போட்ட கணக்கு ஒன்றுதான்: எவ்வளவு தூரம், எவ்வளவு எடை. ஒருவருக்கு விடை வந்தது, மற்றவருக்கு வரவில்லை. விடை வராததைக் குற்றமின்மை என்று எப்படிச் சொல்வது?

எண்ணத்தைக் குற்றமாக்கலாகாது என்றார் நண்பர் ஒருவர். வாஸ்தவம். மனசில் தோன்றுவதற்கெல்லாம் கணக்குக் கேட்டால் நம்மில் யார் மிஞ்சுவோம்? ஆனால் வரைபடம் வெறும் எண்ணம் இல்லை. அதில் ஓர் ஊரின் தூரம் அளக்கப்பட்டாயிற்று. தவிர, அது காத்திருக்கவும் செய்யும். இங்கிலாந்தின் பார்ன்ஸ் வாலிஸ் 1940-இல் பத்து டன் குண்டு ஒன்றையும், அதைச் சுமக்க ஆறு எஞ்சின் விமானம் ஒன்றையும் முன்வைத்தார். விமானத்தைத் தள்ளிவிட்டார்கள். குண்டு 1945-இல் லங்காஸ்டர் விமானத்தின் அடியில் தொங்கிக்கொண்டு வந்து சேர்ந்தது. (கட்டப்படாதது அப்படியே இருந்துவிடுவது நம் வட்டாரத்து நாவல்கள் விஷயத்தில் மட்டும்தான்.)

நிகழாதது யாரையும் தொடுவதில்லை என்பதையும் நான் ஏற்பதற்கில்லை. 1942 ஏப்ரலில் கொழும்பில், திரிகோணமலையில், விசாகப்பட்டினத்தில், காக்கிநாடாவில் ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. சென்னையில் விழவில்லை. வருவதாக நம்பப்பட்ட கப்பற்படை வரவேயில்லை. ஆனாலும் நகரம் காலியாயிற்று. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் வெளியே வந்துவிடுமென்று மிருகக்காட்சிசாலையின் சிங்கத்தையும் புலியையும் சுட்டுக் கொன்றார்கள். 1943 அக்டோபரில் ஒற்றை விமானம் வந்து சில குண்டுகளைப் போட்டுப் போனது வேறு கதை. அதற்குள் ஓடியவர்கள் திரும்பியிருந்தார்கள்.

என் பாட்டிக்கு ஓடியபோது பன்னிரண்டு வயது. குண்டைப் பற்றிச் சொல்ல அவளிடம் எதுவும் இருந்ததில்லை. பொன்னேரிப் பக்கம் மாட்டு வண்டியில் போனதைச் சொல்வாள். வழியில் தம்பிக்கு வாந்திபேதி கண்டது. அங்கேயே ஓர் ஏரிக்கரையில் புதைத்துவிட்டு, மூன்றாம் வாரம் காத்திவாக்கம் திரும்பினார்கள். வீடு போட்டபடியே இருந்ததாம்.