ஞானத்தை மறைப்பவர் யார்?

பாகலூரில் வசிக்கும் நம்மவர் இல்லம் ஒன்றிற்கு அண்மையில் சென்றிருந்தேன். குடும்பத் தலைவர் வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஓசூர்த் தொழிற்பேட்டைப் பணிக்கு வந்து குடியமர்ந்தவர். மகனுக்கு வயது 14, ஒன்பதாம் வகுப்பு. பழுதான மின்விசிறியைப் பிரித்துத் தானே சீர்செய்கிறான். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, கடையில் கன்னடம் என மும்மொழியும் தடையின்றிப் பேசுகிறான். ஆனால் பாடநூலின் ஒரு பத்தியைப் படிக்கச் சொன்னால் நா தடுமாறுகிறது. எழுதினால் எழுத்துகள் இடம் மாறி விழுகின்றன. "சோம்பேறி" என்னும் பட்டம் அவனுக்கு நிலைத்துவிட்டது. பரிசோதித்துப் பார்க்குமாறு ஆசிரியர் ஒருவர் கூறியிருக்கிறார்.

தந்தையார் சொன்னார்: "ஐயா, ஞானாவரணீய கர்மம் உதயத்தில் இருக்கிறது. மருத்துவர் என்ன செய்ய முடியும்? சான்றிதழ் வாங்கினால் உறவினரிடையே பெயர்தான் கெடும்." தாயாரோ, "கண் பரிசோதனை என்று சொல்லிப் பெங்களூருக்கு அழைத்துப் போகலாமா?" என்று கேட்டார். இவ்விரு கூற்றுகளும் நம் இல்லங்கள் பலவற்றில் கேட்கக்கூடியவையே. ஆதலின் இவற்றை அறநோக்கில் ஆராய்வது நம் கடமையாகும்.

அறிவை மறைக்கும் கர்மம் உண்டென்பது ஆகமம் கூறும் உண்மை. ஆனால் அக்கர்மம் உயிரிடம் வந்து சேரும் வாயில்கள் யாவை? உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயத்தில் அவற்றை எண்ணிக் காட்டுகிறார். அறிவின்மீது வெறுப்பு, அறிந்ததை ஒளித்தல், பொறாமை, பிறர் கற்பதற்கு இடையூறு செய்தல், ஞானத்தை அவமதித்தல், அதனைப் பழித்தல் என்பன அவை. வழி இருப்பதை அறிந்தும் மகனுக்கு அதனை அடைத்து வைப்பது இவற்றுள் எதில் அடங்கும் என்பதைப் பெற்றோரே சிந்திக்க வேண்டும். மகனின் வினையைக் காரணங்காட்டி, அதே வினைக்குத் தாம் வாயில் திறந்து வைப்பது முறையாகுமா?

மேலும், அசாதா வேதனீயத்தின் உதயத்தால் காய்ச்சல் வருகிறது என்று நம்புகிறோம். அதற்காக மருந்து கொடுக்காமல் இருப்பதில்லையே! கர்மமே முடிந்த முடிபாயின், நான்கு தானங்களுள் ஔஷத தானத்திற்கும் சாஸ்திர தானத்திற்கும் இடமேது? அறிவை மறைக்கும் வினை ஓரளவு அழிந்தும் ஓரளவு அடங்கியும் நிற்கும் க்ஷயோபசம நிலைக்கு நல்ல நிமித்தம் துணை செய்கிறது. நல்லாசிரியரும் தக்க பயிற்சியும் அத்தகைய நிமித்தங்கள் அல்லவா?

டிஸ்லெக்ஸியா எனப்படும் இவ்வாசிப்புக் குறைபாடு புதிதாகத் தோன்றியதன்று. 1896-ஆம் ஆண்டில் பிரிங்கிள் மார்கன் என்னும் ஆங்கில மருத்துவர் 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதினார். கூர்மையான அறிவும் நல்ல கண்பார்வையும் உடையவன், கணக்கில் தடையில்லை. ஆயினும் பல ஆண்டுகள் கற்பித்தும் அவனுக்குப் படிக்க வரவில்லை. தன் பெயரையே எழுத்து மாற்றி எழுதினான். பாடம் முழுவதும் வாய்மொழியாக நடந்தால் பள்ளியில் இவனே சிறந்தவன் என்பது அவனுடைய ஆசிரியரின் கருத்து. பாகலூர்ச் சிறுவனைப் பார்த்தபோது எனக்கு அவன் நினைவுதான் வந்தது.

பல மொழிகள் கலந்து வழங்கும் எல்லைப்புறத்தில், மொழிக் குழப்பமே காரணம் என்று தள்ளிவிடுவதும் எளிது. அவசரப்பட்டு டிஸ்லெக்ஸியா என்று முத்திரை குத்துவதும் எளிது. இரண்டும் தவறாகலாம். பரிசோதனை வேண்டுவது அதனாலேயே. முதலில் கண்ணும் காதும் சோதிக்கப்படும். பின்னர் அறிவுத்திறனும், வாசித்தல், எழுதுதல், கணக்கு ஆகியவையும் தனித்தனியே அளக்கப்படும். பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் வகுத்த சோதனைத் தொகுப்பு இதற்குப் பயன்படுகிறது. ஓசூரிலிருந்து பெங்களூர் ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவுதான். சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா சங்கம் பல்லாண்டுகளாக இத்தகைய பிள்ளைகளுக்கும் ஆசிரியர்களுக்கும் பயிற்சி அளித்து வருகிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் தன் பட்டியலில் சேர்த்துள்ளது. முறையான சான்று பெற்றவர்க்குப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஒருவர் முதலிய சலுகைகள் உண்டு. பத்தாம் வகுப்பு நெருங்கும் பிள்ளைக்கு இவை சிறு உதவிகளல்ல.

இனி, பெயர் கெடும் என்னும் அச்சம். சிவபூதி முனிவரின் வரலாறு நாம் அறிந்ததே. குரு அருளிய பாடம் அவர் மனத்தில் நிற்கவில்லை. உளுந்தும் தோலும் வேறு வேறாவது போல் உயிரும் உடலும் வேறு என்ற ஒன்றைமட்டும் பற்றி நின்றார். அப்பாவனையின் தூய்மையால் கேவல ஞானம் எய்தினார். குந்தகுந்த ஆசாரியர் பாவபாகுடத்தில் அவரைப் போற்றுகிறார். எழுத்துப் பயிற்சியே அறிவின் எல்லையன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? நாம் வணங்கும் ஒருவரிடம் இழிவாகாத குறை, நம் பிள்ளையிடம் மட்டும் எப்படி இழிவாகும்?

தாயாரின் கேள்விக்கு வருவோம். அன்பினால் கூறினும் பொய் பொய்யே. 14 வயதுப் பிள்ளை அங்குச் சென்றதும் உண்மையை உணர்ந்துகொள்வான். மறைக்க வேண்டிய ஒன்று தன்னிடம் இருக்கிறது என்பதே அவன் கற்கும் முதற்பாடமாகிவிடும். "நீ சோம்பேறியல்லை. உனக்குப் படிப்பு எங்கே தடைப்படுகிறது என்று அறிந்து உதவவே போகிறோம்" என்று நேரே சொல்லி, அவன் சம்மதம் பெற்று அழைத்துச் செல்வதே சத்திய விரதத்திற்கு ஏற்றது. அநேகாந்தத்தை ஏற்ற நாம் மற்றொன்றையும் மறத்தலாகாது. சோதனையில் கிடைக்கும் பெயர் அவனைப்பற்றிய ஒரு நோக்கு; அதுவே அவன் முழுமையன்று. மின்விசிறியைச் சீர்செய்யும் கையும் அவனுடையதே.

இவற்றையெல்லாம் நான் எடுத்துரைத்தபோது தந்தையார் நெடுநேரம் மௌனமாக இருந்தார். பிறகு மகனை அழைத்து அருகில் அமர்த்திக்கொண்டு, "உன்னைப் பலமுறை திட்டிவிட்டேன்" என்றார். பையன் தலைகுனிந்தான், பின் மெல்ல, "எப்போது போகலாம் அப்பா?" என்று கேட்டான்.

அன்பர்களே! சுருத பஞ்சமியன்று நூல்களை அடுக்கி வைத்துப் பூஜிக்கிறோம். அந்நூலைப் படிக்க இயலாது ஏங்கும் பிள்ளை நம் இல்லத்தில் இருந்தால், அவனுக்கு வழி திறந்துவிடுவதும் சுருத பூஜையே ஆகும். கடுஞ்சொல்லை விடுத்து, காலந்தாழ்த்தாது செய்வோமாக.

அறம் வாழ்க!