பாறைக்கு உரை

செங்கல்பட்டில், கொளவாய் ஏரிக்கரையில் ஒரு மாலை, நண்பர் என் கவிதையொன்றைக் காட்டி 'இதற்கு என்னதான் அர்த்தம்?' என்றார். அரைமணி நேரம் சொன்னேன். 'ஓ, அவ்வளவுதானா' என்றார். பிறகு அவர் அந்தக் கவிதையைத் திறக்கவில்லை. எனக்கும் அது என் விளக்கமாகவே நினைவில் நிற்கிறது, கவிதையாக இல்லை.

கவிஞன் தன் கவிதைக்கு உரை சொல்லலாமா என்ற கேள்வி எழும்போதெல்லாம் மாமல்லபுரத்துப் பெரும்பாறைதான் என் முன் வந்து நிற்கிறது. தர்மராஜ ரதத்தில் மன்னனின் விருதுப்பெயர்களை வரிசையாகப் பொறித்த பல்லவர்கள், இந்தப் பாறையில் 'இது இன்ன கதை' என்று ஒரு வரி வெட்டவில்லை. ஊர் அதை அர்ஜுனன் தபஸ் என்றது. 1914இல் பிரெஞ்சு மொழியில் எழுதிய கோலூபெவ், இல்லை, இது கங்கை இறங்குவது, தவசி பகீரதன் என்றார். பாறைப் பிளவில் நீந்தும் நாகர்கள் அவர் பக்கம். இரண்டும் சேர்ந்த சிலேடையே இது என்போரும் உண்டு. கீழே, தவசியைப் போலவே கைதூக்கி நிற்கிறது ஒரு பூனை, காலடியில் எலிகள். போலித்தவம் செய்யும் பூனையின் கதை மகாபாரதத்தில் வருகிறது. அந்தப் பூனை தவம் செய்வதோ கங்கைக் கரையில். ஆக, பூனை எந்தக் கட்சிக்குச் சாட்சி? சிற்பி ஒரு வரி எழுதியிருந்தால் இந்தக் கேள்வி பிறந்திராது. பூனை வெறும் வேடிக்கையாகியிருக்கும்.

ஆனால் மௌனம் எல்லாருக்கும் உரியதல்ல. 1959இல் 'எழுத்து' தொடங்கியது முதல் புதுக்கவிதைமேல் இருண்மைக் குற்றச்சாட்டு உண்டு. அதில் ஒரு பங்கு நியாயமானது. சொல்ல ஒன்றுமில்லாதவனும் 'விளக்கமாட்டேன்' என்று நிமிர்ந்து நிற்கலாம். பாறையில் யானை யானையாகவே இருக்கிறது, குட்டியோடு. அதற்கு உரை வேண்டாம். கண்ணுக்குத் தெரிவதில் மயக்கமில்லை. குறிப்பதில்தான் கதவு திறந்திருக்கிறது. முதலாவதைச் செய்யாதவனுக்கு இரண்டாவதில் உரிமையில்லை. வழக்கொழிந்த ஒரு சொல்லை, ஒரு சடங்கை, ஓர் ஊர்ப்பெயரைக் கேட்டால் கவிஞன் சொல்லட்டும், அது தகவல். அர்த்தம் தகவல் அல்ல.

இறையனார் களவியலின் கதை நமக்குப் பழக்கமானது. கடவுள் 60 சூத்திரம் செய்தார், உரை செய்யவில்லை. புலவர்கள் ஆளுக்கோர் உரை கண்டார்கள். எது மெய்யுரை என்று கடவுள் தானே சொல்லவில்லை. ஊமைப் பிள்ளை உருத்திரசன்மனை உட்கார வைத்து வாசித்தார்கள். நக்கீரர் உரைக்குப் பதந்தோறும் அவன் கண் நீர் வார்ந்தது. அதுவே தீர்ப்பு. இயற்றியவரின் சான்றிதழ் அல்ல, கேட்டவன் உடம்பு. கதை கட்டுக்கதையாகவே இருக்கட்டும். அதைக் கட்டியவர்களுக்கு வாசிப்பு என்றால் என்னவென்று தெரிந்திருந்தது.

என் நண்பர் கேட்டதில் தவறில்லை. அவர் வாசலில் நின்று கேட்டார். நான் கதவைத் திறக்காமல் உள்ளே என்ன இருக்கிறது என்று பட்டியல் கொடுத்து அனுப்பிவிட்டேன். அன்று நான் செய்திருக்க வேண்டியது, கவிதையை இன்னொரு முறை, மெதுவாக, உரக்க வாசித்துக் காட்டியிருப்பதுதான்.