பரிசும் செவியும்

கொல்லிமலையின் பெயரிலேயே ஒரு பண் இருக்கிறது. அப்பர் பெருமான் திருவதிகையில் முதன்முதலாகப் பாடிய பதிகம் கொல்லிப் பண்ணில் அமைந்தது. ஓதுவார்கள் இன்று அதை நவரோஜ் ராகத்தில் பாடுகிறார்கள். இம்மலைமேல் வளப்பூர் நாட்டில் அறப்பளீசுவரர் சன்னிதியில் நிற்கும்போது, இசை இம்மலைக்கு எவ்வளவு பழைய உறவு என்று தோன்றுகிறது.

இங்கே ஆண்ட வல்வில் ஓரியை வன்பரணர் பாடிய பாட்டுகள் புறநானூற்றில் உண்டு. 152ஆம் பாட்டில் முழவும் யாழும் தூம்பும் சேர்ந்து ஒலிக்கின்றன. தன் புகழைக் கேட்ட ஓரி நாணுகிறான், பிறகு அள்ளிக் கொடுக்கிறான். வாசித்தவர்களில் யார் முதல், யார் இரண்டாவது என்ற பேச்சே அங்கில்லை. 153ஆம் பாட்டு இன்னும் ஆழமானது. பெற்ற பரிசின் மிகுதியில் பசி தீர்ந்த பாணர் கூட்டம் ஆடலையும் பாடலையும் மறந்துபோகிறது. வள்ளலின் பெருமையைச் சொல்ல வந்த செய்திதான் அது. பிள்ளைகளைப் போட்டிக்கு அனுப்பும் நமக்கோ அதில் ஓர் எச்சரிக்கையும் கேட்கிறது.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்காக 2022இல் தொடங்கிய கலைத் திருவிழா பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என வளர்ந்து செல்கிறது. வசதியற்ற வீட்டுப் பிள்ளையின் வாத்தியத்துக்கும் ஒரு மேடை கிடைப்பது பெரும்பேறு; அதைக் குறைசொல்ல மனம் வராது. ஆனால் எந்த மேடையிலும், பெயர் அழைக்கப்படுவதற்குச் சற்று முன் மிருதங்கப் பிள்ளையைப் பாருங்கள். கல்லால் வலந்தலை என்னும் வலப்பக்க முகத்தின் விளிம்பைத் தட்டுகிறது, விரலால் மீட்டிக் காதைச் சாய்க்கிறது, மீண்டும் தட்டுகிறது. அந்தக் கணத்தில் அதற்கு எதிரி என்று ஒருவரும் இல்லை, சுருதி ஒன்றே இருக்கிறது. தன்னைவிடப் பெரிய ஒன்றுக்குத் தன்னை ஒப்புக்கொடுத்து, அதனோடு இசையும்வரை பொறுத்திருக்கும் அந்தச் செவியே கலையின் வேர் என்றால், அருகில் அமர்ந்த இன்னொரு பிள்ளையின் வாசிப்பில் மகிழ முடியாதபடி மனத்தை இறுக்கிவிடும் எந்த வெற்றியும், வென்ற கையிலிருந்தே இசையை மெல்லப் பறித்துக்கொள்கிறது.

போட்டி நடத்துவோரிடமும் பெற்றோரிடமும் ஒரு வேண்டுகோள். வாசித்து முடித்த பிள்ளையை உடனே வீட்டுக்கு அழைத்துச் செல்லாதீர்கள். கடைசிப் பிள்ளை வாசித்து முடிக்கும்வரை கேட்டுக்கொண்டு உட்காரட்டும்.