வாக்களித்த மறுநாள்

2012 மார்ச் 18, ஞாயிற்றுக்கிழமை. சங்கரன்கோவிலில் இடைத்தேர்தல். தொகுதியின் வாக்காளர்களில் முக்கால்வாசிக்கும் மேற்பட்டவர்கள் வெயிலில் வரிசையில் நின்று வாக்களித்தார்கள். மறுநாள் திங்கட்கிழமை சென்னையில் தமிழக அமைச்சரவை கூடி, கூடங்குளம் அணுமின் நிலையத்தை இயக்கலாம் என்று முடிவெடுத்தது. அன்றே கடலோரத்தில் போலீஸ் குவிந்தது. ராதாபுரம் தாலுகாவில் 144 தடை உத்தரவு வந்தது. உலையை எதிர்த்து மாதக்கணக்கில் உண்ணாவிரதம் இருந்த இடிந்தகரைக்குப் போகும் சாலைகள் அடைபட்டன. சங்கரன்கோவில் வாக்குகள் அப்போது எண்ணப்படக்கூட இல்லை. எண்ணிக்கை 21ஆம் தேதிதான்.

இது தற்செயல் என்று நீங்கள் நம்புகிறீர்களா?

அதற்கு ஆறு மாதம் முன்பு, 2011 செப்டம்பர் 22இல், இதே அமைச்சரவைதான் மக்களின் அச்சம் தீரும்வரை பணிகளை நிறுத்துங்கள் என்று மத்திய அரசுக்குத் தீர்மானம் போட்டது. அடுத்த மாதம் உள்ளாட்சித் தேர்தல் இருந்தது. தேர்தல் வரும்போது மக்களின் அச்சம் பெரிதாகவும், தேர்தல் முடிந்ததும் சிறிதாகவும் தெரிகிறது என்றால், அரசு அளந்தது அச்சத்தையா, வாக்குகளையா? மாநில அரசு அமைத்த நிபுணர் குழுவின் அறிக்கை பிப்ரவரி இறுதியிலேயே கைக்கு வந்துவிட்டது. மூன்று வாரம் அதைக் கையில் வைத்திருந்தவர்கள், வாக்குப்பெட்டி மூடிய மறுநாள் முடிவைச் சொன்னார்கள்.

அணு உலை வேண்டுமா வேண்டாமா என்பது வேறு வழக்கு. அன்றைய மின்வெட்டில் சங்கரன்கோவில் விசைத்தறிகள் பகலெல்லாம் நின்று கிடந்தன. தறி ஓடினால்தான் கூலி என்றிருந்தவர் உலை வேண்டும் என்று நினைத்திருந்தால் அதில் குற்றம் காண எனக்கு உரிமை இல்லை. ஆனால் அவரிடமும் கேட்கவில்லையே! முன்கூட்டியே சொல்லி, உங்கள் தறிக்கு மின்சாரம், அவர்கள் கடலுக்கு உலை, எது நியாயம் என்று யோசித்து வாக்களியுங்கள் என்று கேட்டிருந்தால், சங்கரன்கோவில்காரர் ஒரு மனிதராக மதிக்கப்பட்டிருப்பார். உலையை ஆதரிப்பவருக்கும் எதிர்ப்பவருக்கும் சேர்த்து இழைக்கப்பட்ட அவமதிப்பு இது. இரு ஊர்களும் அன்று ஒரே திருநெல்வேலி மாவட்டம். ஒரு கோடியில் விரலில் மை காய்வதற்குள் மறு கோடியில் ஊரே முற்றுகையில் இருந்தது. உலையைச் சுற்றியுள்ள பகுதிக்கு 500 கோடி ரூபாய் வளர்ச்சித் திட்டமும் கூடவே அறிவிக்கப்பட்டது. பயந்தவனுக்குப் பதில் சொல்வதற்குப் பதிலாக அவனுக்கு விலை சொல்வதை நாம் எப்போதிலிருந்து நிர்வாகம் என்று ஏற்றுக்கொண்டோம்?

அந்த இடைத்தேர்தலுக்காக அமைச்சரவையின் பெரும்பகுதி சங்கரன்கோவிலில் முகாமிட்டது. ஆளுங்கட்சி 68,000க்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வென்றது. சட்டமன்ற உறுப்பினர் கருப்பசாமி 2011 அக்டோபரில் மறைந்து ஐந்து மாதத்துக்குள் அவர் இடம் நிரப்பப்பட்டது. ஆறு மாதத்துக்குள் நிரப்ப வேண்டும் என்பது சட்டம். அரசு அந்தச் சட்டத்தை மதித்தது.

இப்போது அதே ஊரின் நகராட்சிக்கு வருவோம். 2016 அக்டோபரில் நகர்மன்றத்தின் பதவிக்காலம் முடிந்தது. அதற்குள் அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்று அரசமைப்புச் சட்டமே சொல்கிறது. அறிவிப்பு வந்தது; இட ஒதுக்கீட்டில் குறை என்று தொடரப்பட்ட வழக்கில் உயர்நீதிமன்றம் அதை ரத்து செய்தது. குறையைத் திருத்தித் தேர்தல் நடத்த எவ்வளவு காலம் தேவை? ஆறு மாதம்? ஒரு வருடம்? நகராட்சித் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19இல். ஐந்து வருடத்துக்கு மேல், ஒரு முழுப் பதவிக்காலத்தையும் தாண்டி, வார்டுக்கு ஒரு கவுன்சிலர் இல்லை. தனி அலுவலர்தான் நகராட்சி. சுற்றியுள்ள கிராமங்களுக்கும் இதே கதி. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானதால், பெரும்பாலான மாவட்டங்களுக்கு அந்த டிசம்பரில் நடந்த ஊராட்சித் தேர்தல் இங்கே 2021 அக்டோபர் வரை தள்ளிப்போனது.

ஒரு எம்.எல்.ஏ. நாற்காலி ஐந்து மாதம் காலியாக இருந்தபோது மாநிலமே திரண்டு வந்தது. ஒரு நகர்மன்றம் முழுவதும் ஐந்து வருடம் காலியாகக் கிடந்தபோது யார் வந்தார்கள்? அதைவிட, நீங்கள் யாரிடம் போய்க் கேட்டீர்கள்? சாக்கடை தூர்வார, தெருக்குழாயில் தண்ணீர் வர, பிறப்புச் சான்றிதழில் எழுத்துப்பிழை திருத்த, கைக்குழந்தையோடு அலுவலக வாசலில் காத்திருந்த பெண்ணுக்கு, நம்ம வார்டு ஆள் என்று உரிமையோடு கூப்பிட ஒருவரும் இல்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்கள் இல்லை என்ற காரணத்துக்காக மத்திய நிதிக்குழு மானியமும் நிறுத்தி வைக்கப்பட்டது. மன்றம் இல்லாத அந்தக் காலத்தில்தான், 2018 ஜூலையில், சொத்து வரியை உயர்த்த அரசு உத்தரவிட்டது. வீடுகளுக்கு 50 சதவீதம் வரை, வாடகைக் கட்டடங்களுக்கு 100 சதவீதம் வரை. எதிர்த்துப் பேச ஒரு மன்றம் இல்லை, அதனால் எதிர்க்குரல் மன்றத்தின் பதிவேட்டிலும் இல்லை. உள்ளாட்சித் தேர்தல் நெருங்கியதும், 2019 நவம்பரில், அதே உயர்வு நிறுத்தி வைக்கப்பட்டது.

அது அவர்கள் ஆட்சி, இவர்கள் வந்தால் மாறும் என்று சொல்லத் துடிப்பவர் கொஞ்சம் பொறுங்கள். ஆட்சி மாறியது. 2022 பிப்ரவரியில் நகராட்சித் தேர்தல் முடிந்தது. ஏப்ரல் முதல் தேதியே சொத்து வரி மீண்டும் உயர்ந்தது. சிறிய வீடுகளுக்கு 25 சதவீதம், பெரிய வீடுகளுக்கு 100 சதவீதம். உயர்வுக்குக் காரணம் இருக்கலாம். பல வருடம் திருத்தாத வரியைத் திருத்தத்தான் வேண்டும் என்று வாதிடலாம். அந்த வாதத்தைப் பிப்ரவரியில் தெருமுனையில் வைத்திருக்கலாமே? கொடி மாறியது. நாள்காட்டி மாறவில்லை. கசப்பானதெல்லாம் வாக்களித்த மறுநாளுக்கு என்பதில் இரு கழகங்களுக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

இன்னொன்றும் கைவிட்டுப் போனது. 2011இல் சங்கரன்கோவில் மக்கள் தங்கள் நகராட்சித் தலைவரை நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 2019 நவம்பரில் ஓர் அவசரச் சட்டம் அந்த உரிமையைக் கவுன்சிலர்களிடம் கொடுத்தது. எதிர்க்கட்சியாக இருந்தபோது அதைக் கண்டித்தவர்கள் ஆட்சிக்கு வந்த பிறகும் அதே முறையில்தான் தேர்தல் நடத்தினார்கள். 2022இல் அப்படித் தேர்வான தலைவர் 2025இல் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தால் பதவி இழந்தார். யார் சரி, யார் தவறு என்ற தீர்ப்பு இங்கே என் வேலை அல்ல. நான் கேட்பது ஒன்றுதான்: யாருடைய நம்பிக்கை போயிற்று? ஊரின் நம்பிக்கையா? ஊர் அவரைத் தலைவராக்கவும் இல்லை, இறக்கவும் இல்லை. டீக்கடையில் செய்தித்தாளில் படித்தது.

இவ்வளவுக்கும் நம்மிடம் தயாராக ஒரு பதில் இருக்கிறது: ராமன் ஆண்டால் என்ன, ராவணன் ஆண்டால் என்ன. இதை ஞானம் போலச் சொல்கிறோம். இது சோம்பலின் பழமொழி. ஆள்வது யார் என்பதால் ஒன்றும் மாறாது என்றால் இடிந்தகரையில் அன்று மாறியது என்ன? 2018இல் உயர்ந்த வரி 2019இல் நின்றது எப்படி? யாரோ ஒருவர் ஒரு மேசையில் உட்கார்ந்து கையெழுத்திட்டார். அது விதியும் அல்ல, கிரகமும் அல்ல. மனிதர் போட்ட கையெழுத்து. மனிதர் போட்டதை மனிதர் கேள்வி கேட்கலாம்.

அடுத்த பழக்கம் இன்னும் மோசமானது. 2009 ஜனவரியில் திருமங்கலம் இடைத்தேர்தல் நம் அரசியலுக்கு வாக்குக்குப் பணம் என்ற ஒரு ஃபார்முலாவைக் கொடுத்தது. 2017இல் ஆர்.கே.நகர் இடைத்தேர்தலைப் பணப் பட்டுவாடாவுக்காகத் தேர்தல் ஆணையம் ரத்து செய்தது; 2019இல் வேலூர் மக்களவைத் தேர்தலும் அதே காரணத்துக்காக ஆணையத்தின் பரிந்துரையில் ரத்தானது. இந்த வியாபாரத்தில் என்னை மிகவும் வருத்துவது பணம் அல்ல. பணத்தோடு கேட்கப்படும் சத்தியம். சாமி படத்தின் மேல் கை வை, பிள்ளைகள் மேல் ஆணையிடு என்கிறார்கள். வாங்கியவரும் பிறகு கை நீட்டி வாங்கிட்டோம், போடாமல் இருந்தால் பாவம் என்கிறார். எவ்வளவு நேர்மையான மனம்! அந்த நேர்மையைத்தான் அவர்கள் விலைக்கு வாங்குகிறார்கள். லஞ்சம் கொடுத்தவனுக்கு விசுவாசம் காட்டுவது அறமா? கொடுத்தவனுக்கு நீங்கள் கடன்படவில்லை. குற்றம் செய்யச் சொல்லி வாங்கிய சத்தியம் யாரையும் கட்டுப்படுத்தாது. சாமி கோபிக்குமா என்று கேட்காதீர்கள். உங்கள் வாக்கின் விளைவை யார் சுமக்கப் போகிறார் என்று கேளுங்கள். அவர் பெரும்பாலும் உங்கள் தெருவில் இருக்க மாட்டார். ஒரு கடலோரக் குப்பத்தில், முகம் தெரியாத வீட்டில் இருப்பார். அவருக்குத்தான் நீங்கள் கடன்பட்டிருக்கிறீர்கள்.

வறுமையில் வாங்குபவரை நான் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வரவில்லை, வாங்குவதையும் சட்டம் குற்றம் என்று சொன்னாலும். அரிசி வாங்கக் காசில்லாதவரின் கையைப் பிடித்து உபதேசம் செய்வது கொடுமை. ஆனால் படித்தவர், சம்பளம் வாங்குபவர், இந்தப் பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்கிப் படிக்கும் நீங்களும் நானும்? ஐந்து வருடம் மன்றம் இல்லாமல் இருந்தபோது ஒரு தகவல் உரிமை மனு எழுதினோமா? வருடத்தில் 365 நாளும் அரசு நடக்கிறது. நாம் ஒரு நாள் குடிமக்களாக இருந்துவிட்டு மிச்சத்தை ஊழல், ஊழல் என்று புலம்பியே கழிக்கிறோம்.

ஊராட்சிகளில் கிராம சபை இருக்கிறது. நகரங்களுக்கு வார்டு குழு, பகுதி சபை விதிகள் 2022இல் வந்தன; நவம்பர் 1ஆம் தேதி உள்ளாட்சிகள் தினத்தில் பகுதி சபை கூடுகிறது. எத்தனை பேர் போகிறார்கள்? பெயருக்கு நடக்கிறது, போனால் என்ன ஆகும் என்கிறீர்களா? பெயருக்கு நடப்பது, போகிறவர்கள் பெயருக்குக்கூட இல்லாததால்தான். அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். நான்கைந்து பேர் சேர்ந்து போங்கள். உங்கள் வார்டுக்கு இந்த வருடம் ஒதுக்கிய தொகை எவ்வளவு, செலவானது எவ்வளவு, எந்த ஒப்பந்ததாரருக்கு என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். தராவிட்டால் தரவில்லை என்பதைத் தீர்மானப் புத்தகத்தில் பதியச் சொல்லி, பதிந்து முடிக்கும்வரை எழுந்து வராதீர்கள்.