வெற்றுத் தோட்டாப் பட்டை

நம் சங்கத்துத் தாராவி அன்பர் ஒருவர் விக்கர்ஸ் இயந்திரத் துப்பாக்கியின் பழைய தோட்டாப் பட்டையை அதன் பெட்டியோடு விலைக்கு வாங்கிச் சுவரிலே மாட்டி வைத்தார். உபாசகர் விலக்கத்தக்க ஐந்து வாணிபங்களுள் ஆயுத வாணிபமும் ஒன்றாயிற்றே, இது குற்றமோ என வினவினார்.

வெற்றுப் பட்டை கொல்லாது. 250 தோட்டா செருகுதற்குப் பருத்தியால் நெய்த நாடா அது. ஆலையில் தறியோட்டிய என் கை, நல்ல நெசவென்றே சொல்லிற்று. அச்சமும் அங்கேதான் பிறந்தது. 1944 ஏப்ரல் 14-இல் இந்நகர் விக்டோரியா டாக்கில், பஞ்சுப் பொதிகளையும் வெடிமருந்தையும் ஒருங்கே சுமந்து நின்ற ஃபோர்ட் ஸ்டிகீன் கப்பல் தீப்பற்றி வெடித்தது. நூற்றுக்கணக்கானோர் மாண்டனர், அவருள் தீயணைப்போர் 66 பேர். பஞ்சு என்ன பாவம் செய்தது?

கருமத்தை எண்ணத்தால் அளந்தார் பகவன். ஆகவே அன்பரைக் கேட்டேன்: காண வருவோர்க்குச் சுட்டவன் வீரத்தைச் சொல்வீரோ, தோட்டா சென்று தைத்த இடத்தைச் சொல்வீரோ?

அவர் பட்டையைக் கழற்றி மடித்துப் பெட்டியிலிட்டார். விற்றால் அதுவும் வாணிபமாகுமே என்று இன்னமும் கலங்குகிறார்.