வவுச்சர் எங்கே?

சென்னை மெட்ரோவில் போகிறவர் என்றால் 'ஏ.ஜி. டி.எம்.எஸ்.' என்ற ஸ்டேஷனை நீங்கள் கடந்திருப்பீர்கள். டி.எம்.எஸ். என்பது மருத்துவத் துறை ஆபீஸ், பாடகர் இல்லை. சரி, ஏ.ஜி.? அக்கவுன்டன்ட் ஜெனரல். மாநில அரசு செலவழிக்கிற பணத்துக்குக் கணக்குக் கேட்கும் இடம். இவர்களுக்கெல்லாம் மேலே டெல்லியில் உட்கார்ந்திருப்பவர்தான் சி.ஏ.ஜி., அதாவது இந்தியாவின் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர்.

அவரிடம் போவதற்கு முன் என் சொந்தக் கதை ஒன்று.

சில வருஷங்களுக்கு முன் எங்கள் ஃப்ளாட் அசோசியேஷனில் என்னைப் பொருளாளராக்கினார்கள். (மீட்டிங்குக்கு லேட்டாகப் போனால் இப்படித்தான் ஆகும்.) வருஷக் கடைசியில் கணக்குப் பார்க்க, தணிக்கைத் துறையில் ரிட்டயரான ஒரு பெரியவரைக் கேட்டுக்கொண்டோம். நோட்டைப் புரட்டிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார். 'தண்ணீர்த் தொட்டி சுத்தம் செய்தது, 1,800 ரூபாய். வவுச்சர் எங்கே?'

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. 'நான் எடுத்துக்கிட்டேன்னு சொல்றீங்களா ஸார்?' என்றேன். அவர் கண்ணாடியைக்கூடக் கழற்றவில்லை. 'அப்படிச் சொல்லலையே. காகிதம் இல்லைன்னுதான் சொல்றேன்.'

அதையே எழுதியும் வைத்தார். மறுநாள் லிஃப்ட்டில் என் காதுபடவே பேசிக்கொண்டார்கள், அசோசியேஷன் பணத்தில் 1,800 ரூபாயைக் காணோமாம்.

காகிதம் இல்லை என்பது வேறு, காசைக் காணோம் என்பது வேறு. ஆனால் முதலாவதைச் சொன்னால் நம் காதில் இரண்டாவதுதான் விழுகிறது. சி.ஏ.ஜி.யின் தர்மசங்கடமும் இதுதான்.

அரசியல் சட்டம் அவரை உயரத்தில் வைத்திருக்கிறது. சுப்ரீம் கோர்ட் நீதிபதிக்கும் அவருக்கும் ஒரே பதவிப் பிரமாண வாசகம். நீதிபதியை நீக்குவது எவ்வளவு கஷ்டமோ, இவரை நீக்குவதும் அவ்வளவு கஷ்டம். ஓய்வு பெற்றபின் அரசாங்க உத்தியோகம் எதையும் ஏற்கக்கூடாது. 1949-ல் அரசியல் நிர்ணய சபையில் பேசிய அம்பேத்கர், இவருடைய கடமை நீதித்துறையின் கடமையைவிடவும் முக்கியமானது என்கிற அளவுக்குப் போனார். இவ்வளவு இருந்தும், ஒருவரைக் கைது செய்யவோ ஒரு ரூபாய் அபராதம் போடவோ இவருக்கு அதிகாரம் கிடையாது. கேட்கலாம், எழுதலாம். எழுதியது நாடாளுமன்றத்துக்கோ சட்டசபைக்கோ போகும். அதோடு அவர் வேலை முடிந்தது. மிச்சம், படிக்கிறவர்கள் பாடு.

எப்படிப் படித்தோம்? 2008-ல் 122 டெலிகாம் லைசென்ஸ்கள் தரப்பட்டன. நாடு முழுவதுக்குமான லைசென்ஸுக்கு விலை 1,658 கோடி. அது 2001-ல் வைத்த விலை. வினோத் ராய் சி.ஏ.ஜி.யாக இருந்தபோது, 2010 நவம்பரில் வந்த அறிக்கை பல விதமாகக் கணக்குப் போட்டு, உத்தேச இழப்பு 57,666 கோடியிலிருந்து 1,76,645 கோடி வரை இருக்கலாம் என்றது. பெரிய தொகை, 2010-ல் 3ஜி ஏலத்தில் கிடைத்த விலையை வைத்துப் போட்ட கணக்கு. டீக்கடைக்கு வந்து சேர்ந்தது அந்த ஒரு எண் மட்டும்தான். 'உத்தேச' என்ற சொல் வழியிலேயே இறங்கிவிட்டது. 'ஒண்ணே முக்கால் லட்சம் கோடி அடிச்சுட்டாங்க' என்று நீங்களும் சொல்லியிருப்பீர்கள், நானும் சொன்னேன். எத்தனை சைபர் என்று பேப்பரில் போட்டுப் பார்த்தவர்களும் உண்டு. கபில் சிபல், நஷ்டம் பூஜ்யம் என்றார். 2012-ல் சுப்ரீம் கோர்ட் 122 லைசென்ஸ்களையும் ரத்து செய்தது. 2017 டிசம்பரில் சி.பி.ஐ. கோர்ட், குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று ஆ.ராசா, கனிமொழி உட்பட எல்லோரையும் விடுவித்தது. சி.பி.ஐ. அப்பீலுக்குப் போனது.

அந்த எண்ணை அவர் எழுதியிருக்கலாமா? எனக்கு இதில் ரெண்டு மனசு. வராத பணத்தைப் போன பணம் என்று சொல்ல ஆரம்பித்தால் எதில் போய் முடியும்? தமிழ்நாட்டில் 2011 முதல் ரேஷன் அரிசி இலவசம். அதைச் சந்தை விலைக்கு விற்றிருந்தால் எவ்வளவு வந்திருக்கும் என்று கணக்குப் போட்டு 'இழப்பு' என்றால் நாம் சண்டைக்குப் போக மாட்டோமா? குறைந்த விலைக்குக் கொடுப்பதும் அரசாங்கம் எடுக்கிற முடிவுதான். ஆனால் அரிசி யாருக்கு, எந்த விதிப்படி என்று கார்டில் இருக்கிறது. யாருக்கு, எந்த வரிசையில், வரிசையை நடுவில் யார் மாற்றியது என்ற கேள்விக்கு லைசென்ஸ் விஷயத்தில் நேரான பதில் இல்லை. கோர்ட் ரத்து செய்ததும் அந்தக் கொடுத்த விதத்துக்காகத்தான். ஆக, 'எப்படிக் கொடுத்தாய்?' என்ற கேள்வி உறுதியாக நின்றது. 'எவ்வளவு போச்சு?' என்ற கேள்விதான் ஊரெல்லாம் சுற்றியது. லிஃப்ட்டில் என்ன பேசுவார்கள் என்று யோசிப்பது தணிக்கையாளரின் வேலை இல்லை என்பீர்கள். 1,800 ரூபாய்க்கு அது சரி. அத்தனை சைபர் உள்ள எண்ணை எழுதுகிறவர் கொஞ்சம் யோசித்திருக்கலாம் என்றே எனக்குப் படுகிறது. அதற்காக, கேட்காமலே விட்டிருக்கலாம் என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

அடுத்த வருஷம் நான் உஷாராகிவிட்டேன். தொட்டி சுத்தம் செய்தவர் மேலே ஏறி வந்து, துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தபோது பணத்தைக் கொடுத்து, வவுச்சரையும் பேனாவையும் நீட்டினேன். அவர் காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

'ஏன் ஸார், என் மேல சந்தேகமா?'